பத்து நாப்பத்திரண்டுக்கு வந்த குரல்

போலீஸ் இல்லைங்க, பயப்படாம உக்காருங்க. வாக்கிடாக்கி மாதிரி இதைக் கையில வெச்சிருந்தாலே பஸ்ஸுல பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க. போன மாசம் ஒரு அம்மா, நான் கேக்காமலே டிக்கெட்டை எடுத்து நீட்டுச்சு, செக்கிங்னு நெனச்சுக்கிட்டு. பையை மேல வெச்சிருங்க. கல்யாணப் பத்திரிக்கையா? பொண்ணுக்கா? ஆவணி முகூர்த்தம், நல்லது நல்லது.

மணி என்ன உங்க வாட்சுல? ஆறு இருபத்தஞ்சா? என்னோடதுலயும் அதான். சும்மா சரிபார்த்துக்கிட்டேன்.

இது ஹாம் ரேடியோ சார். பரீட்சை எழுதி, கவர்மெண்ட்டுல லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்கறது. சம்பளம் கிம்பளம் ஒண்ணும் கெடையாது. புயல் வந்தா செல்போன் டவர் சாஞ்சிடும், கரண்டு போயிடும். அப்போ நாங்கதான். ஒவ்வொரு ஊர்லயும் எங்காளு ஒருத்தர் ஒரு செட்டும் கார் பாட்டரியும் வெச்சுக்கிட்டு உக்காந்து, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, கடல் எதுவரைக்கும் ஏறியிருக்கு, முகாம்ல எத்தனை பேரு, எல்லாத்தையும் தாலுகா ஆபீஸுக்குச் சொல்லணும். அங்க ஒருத்தர் உக்காந்து வாங்கணும். அவருக்குப் பேரு கன்ட்ரோல். பதினேழு வருஷமா இந்தத் தாலுகாவுக்கு கன்ட்ரோல் நான்தான். இருந்தேன். இப்ப இல்ல.

இந்த டிரைவர் ஏன் உருட்டிக்கிட்டே போறான்? பதினோரு மணிக்கு நாகப்பட்டினத்துல எங்க சங்கத்துக் கமிட்டி கூடுது. நான் குடுத்த கம்ப்ளெய்ண்ட்டுதான் விஷயம். போன கார்த்திகைப் புயல்ல, டூட்டில இருந்த ஒருத்தி, கன்ட்ரோல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, மைக்கைப் போட்டுட்டு ஸ்டேஷனை விட்டு எழுந்து போயிட்டா. அதுக்கு ஆதாரம் இந்தப் பைக்குள்ள இருக்கு. லாக் புக். அன்னிக்கு யாரு எத்தனை மணிக்கு என்ன பேசினாங்கன்னு என் கையால எழுதினது. இதைப் பார்த்துட்டாங்கன்னா மாவட்டத்துப் பேரிடர் லிஸ்டுலேருந்து அவ பேரை அடிச்சிருவாங்க. அடிச்சாத்தான் சார் மத்தவங்களுக்குப் புத்தி வரும்.

யாரா? வேதவல்லின்னு பேரு. கடலோரத்துல ஆத்துமுனைன்னு ஒரு ஊரு, உப்பளத்துக்காரங்க, வலைக்காரங்க. அங்க பால்வாடி டீச்சர். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல. அவ வி.யு.3, நான் வி.யு.2. வித்தியாசம் என்னன்னா, நாங்க எழுதின காலத்துல மோர்ஸ் தட்டிக் காட்டணும். நான் தந்தி ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் தட்டினவன், எனக்கு அது மூச்சு விடற மாதிரி. அவளுக்கு அந்தப் பரீட்சையே கெடையாது. பேசத் தெரிஞ்சா போதும்.

அந்தப் பேச்சாவது ஒழுங்கா வரணுமில்ல? வாயைத் தொறந்தா முதல்ல கால்சைன் சொல்லணும். நம்ம ரேடியோப் பேரு அது. எல்லாரும் ஒரே காத்துல பேசறோம். ஒருத்தர் பேசற பட்டனை அமுத்திக்கிட்டிருக்கறப்ப இன்னொருத்தர் அமுத்தினா ரெண்டு பேர் பேசறதும் கேக்காது. அதனால கன்ட்ரோல் கூப்பிட்டாத்தான் பேசணும். "ஸ்டாண்ட்பை"ன்னு சொல்லிட்டா, திரும்பக் கூப்பிடற வரைக்கும் மைக்கைக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். இதுல என்ன சார் கஷ்டம்?

ஐப்பசியில ஒரு ஒத்திகை வெச்சோம். பதினோரு ஸ்டேஷன். நான் ஒவ்வொருத்தரா எடுத்துக்கிட்டு வரேன், நடுவுல இவ, "சார், இங்க கடல் கொஞ்சம் உள்வாங்கின மாதிரி இருக்கு சார்"ங்கறா. கால்சைனும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒத்திகையில கடல் எதுக்கும்மா உள்வாங்குது? பதினோரு பேரும் கேக்கறாப்ல வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். "இது உன் பால்வாடி இல்ல, நெனச்சப்ப கத்தறதுக்கு. ஸ்டாண்ட்பைன்னா ஸ்டாண்ட்பை. உன் வீடே இடிஞ்சு விழுந்தாலும் ஸ்டாண்ட்பை." அப்படித்தான் சொன்னேன். அவளும், "சரி சார்"ன்னா. அவ்வளவுதான்.

ஜன்னலைச் சாத்தட்டுமா? வேணாமா? சரி, இருக்கட்டும். எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு.

புயலன்னிக்குக் காலையில எட்டு மணிலேருந்து அடிக்குது. தாலுகா ஆபீஸ் ஓடெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி பறக்குது. நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. பத்தரை மணிவாக்குல சென்னையிலேருந்து பெரிய அதிகாரி ஒருத்தர் ஜீப்புல வந்து இறங்கினார். நனைஞ்சு போயி, பாவம். என் செட்டைப் பார்த்துட்டு, "இதுல எத்தனை ஊர்ல ஆள் இருக்காங்க?"ன்னு கேட்டார். பதினொண்ணுன்னு ஒரு வார்த்தையில சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான். ஆனா பதினேழு வருஷத்துல முதல்தடவையா ஒரு பெரிய மனுஷன் வந்து கேக்கறார் சார்! "இருங்க சார், ரோல்கால் எடுத்துக் காட்டறேன்"னு சொல்லி, மைக்கை எடுத்தேன்.

ரோல்கால்னா ஆஜர் எடுக்கறது. சீனியாரிட்டிப்படிதான் எடுப்பேன். வி.யு.2 எல்லாம் முதல்ல, அதுலயும் பழைய ஆளு முன்னாடி. ஆத்துமுனை பதினொண்ணாவது. ஒவ்வொருத்தரும் கால்சைன், பேரு, ஊரு, காத்து, மழை, பாட்டரி எவ்வளவு இருக்குன்னு சொல்லணும். அந்த அதிகாரி நின்னுக்கிட்டே கேட்டார், மூக்கு மேல விரல் வெச்சுட்டார். "மிலிட்டரி மாதிரி இருக்கே"ன்னார். அந்த வார்த்தை இன்னும் என் காதுல இருக்கு.

மூணாவது ஆளு பேசி முடிச்சு நாலாவது ஆளைக் கூப்பிடப் போறேன். பத்து நாப்பத்திரண்டு. நடுவுல பூந்துட்டா. "சார், காத்து சுத்தமா நின்னுடுச்சு சார். வெயில்கூட லேசா அடிக்குது. சனமெல்லாம் வீட்டைப் பாக்கப் போறேன்னு முகாம் கதவைத் தொறக்குது. விடலாமா சார்? மையம் எங்க இருக்கு?" கால்சைன் இல்ல. ஒத்திகையில அவ்வளவு சொல்லியும் கால்சைன் இல்ல. அதிகாரி என் மூஞ்சியைப் பாக்கறார். நான் சொன்னேன், "ஸ்டாண்ட்பை. முறை வரும்போது கூப்பிடறேன்."

கோவமாச் சொல்லல சார். சாதாரணமாத்தான் சொன்னேன்.

உங்களுக்குத் தெரியுமா, புயலுக்கு நடுவுல ஒரு ஓட்டை உண்டு. கண்ணுன்னு சொல்லுவாங்க. அது நம்ம தலைக்கு மேல வந்தா காத்தே இருக்காது, மழை நின்னுடும், குருவிகூடக் கத்தும். அரைமணி நேரம். அப்புறம் எதிர்ப்பக்கத்துலேருந்து திரும்ப அடிக்கும், முன்னாடி அடிச்சதைவிட மோசமா. முதல் காத்துல ஆடிப் போயி நிக்கற செவுரெல்லாம் இதுலதான் விழும். மையம் எங்க இருக்குன்னு வானிலைக்காரங்க குடுத்த தாளு என் மேஜைலதான் இருந்துச்சு, பேப்பர்வெயிட்டுக்கு அடியில. தாலுகா ஆபீஸ்ல எங்களுக்கு இன்னும் பேய்க்காத்து. அவங்க ஊருக்கு மேல கண்ணு. அந்தத் தாளைப் பார்த்து, "விடாதே, கண்ணு உன் தலைக்கு மேல"ன்னு சொல்ல ரெண்டு செகண்டுதானே ஆகும்னு பேசறாங்க. பேசுவாங்க. பேசறவங்க யாரும் அந்த நாற்காலியில உக்காந்தவங்க இல்ல.

பத்து அம்பத்தெட்டுக்கு அவ முறை வந்துச்சு. கூப்பிட்டேன். பதில் இல்ல. மூணு தடவை கூப்பிட்டேன், அதான் முறை. "ஆத்துமுனை, பதில் இல்லை"ன்னு எழுதினேன். இதோ பாருங்க, இந்தப் பக்கம்தான். எழுதியிருக்கா? ஸ்டேஷன்ல ஆளில்ல!

எங்க போனாளா? கதவைத் தொறந்துக்கிட்டு சனத்துக்குப் பின்னாடி ஓடியிருக்கா. பன்னெண்டு நிமிஷம் மைக்கைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம், நான் கூப்பிடுவேன்னு. அப்புறம் தென்கிழக்கால கடல் கறுத்து வர்றதைப் பார்த்துட்டு, மைக்கை மேஜைல வெச்சுட்டு ஓடினாளாம். வீடு வீடா, அளத்துக் கொட்டகை கொட்டகையா போயி, திட்டி, கையைப் புடிச்சு இழுத்து, நாப்பத்தோரு பேரைத் திரும்ப முகாமுக்குக் கொண்டுவந்து சேத்திருக்கா. ஒரே ஒரு ஆளு பாக்கி. வீராசாமின்னு அளத்துல வேலை செஞ்சவரு, ஆட்டை அவுத்துக்கிட்டு வரேன்னு போயிருக்காரு. இவ அவரு வாசலுக்குப் போயி, "அண்ணே வாங்க"ன்னு கூப்பிடறப்போ திரும்பக் காத்து அடிச்சிருக்கு. செவுரு அவரு மேல விழுந்துச்சு. இவளுக்கு இடது கையில ரெண்டு எலும்பு போச்சு. ஆடு பொழச்சுக்கிச்சு. அதை இப்ப இவதான் வளர்க்கறா.

நான் இல்லைங்கல. நாப்பத்தோரு உசுரு. அது பெரிய விஷயம்தான், யாரு இல்லைன்னா? ஆனா ஸ்டேஷனை விட்டுப் போனது போனதுதானே! யாரைக் கேட்டுப் போனா? அவளா முடிவெடுத்தா. நாளைக்குப் பதினோரு பேரும் அவங்கவங்களா முடிவெடுத்தா கன்ட்ரோல் எதுக்கு சார்? ரூல்னா ரூல்.

இதுக்கு சங்கத்துல என்ன செஞ்சாங்க தெரியுமா? அவளுக்குப் பொன்னாடை. தை மாசம் ஓட்டுப் போட்டு அவளையே கன்ட்ரோல் ஆக்கிட்டாங்க. தினம் காலையில ஏழு மணிக்கு எல்லாரும் கூடற நேரத்தை இப்ப அவதான் நடத்தறா. வந்தவுடனே ஒரு புது வழக்கம் கொண்டு வந்தா பாருங்க. ரோல்காலுக்கு முன்னாடி, "யாருக்காவது அவசரம் இருந்தா முதல்ல பேசுங்க, நாங்க காத்திருக்கோம்"ன்னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்கறது. முழுசா ஒரு நிமிஷம்! ஆறு மாசமா ஒருத்தன் வாயைத் தொறந்ததில்ல. காத்துல ஒண்ணுமே இல்லாம உஸ்ஸுன்னு ஒரு சத்தம். எனக்கு அந்த நிமிஷம் ஆகவே ஆகாது. செட்டை அணைச்சிரலாம்னு பாப்பேன், முடியறதில்ல. கட்டைவிரல் தன்னால பேசற பட்டன் மேல போயி நிக்கும். மணி என்ன, ஆறு அம்பதா? பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்பற டவர், ரிப்பீட்டர்னு பேரு, திருப்பூண்டி தாண்டினாத்தான் நல்லா எடுக்கும்.

அவ என்ன சொல்றாளா? அதான் எனக்கும் புரியல. போன மாசம் கமிட்டில அவளைக் கேட்டாங்க. எகிறிக்கிட்டு வருவான்னு நான் தயாராப் போயிருந்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான் பேசினது சாருக்குக் கேக்கலன்னா அது என் ஆன்டெனா குத்தம்தான். மூங்கிலை அவசரத்துல கட்டினேன், சாஞ்சிருந்திருக்கும். நல்லாக் கட்டியிருந்தா சார் பதில் சொல்லியிருப்பார், வீராசாமி அண்ணன் வெளிய போயிருக்க மாட்டார்"ங்கறா. அன்னிலேருந்து அதே வேலையாத் திரியறாளாம். இருபது அடி மூங்கிலை முப்பதாக்கினா, முப்பதை நாப்பதாக்கினா, இப்ப இரும்புக் குழாயே நட்டுட்டாளாம். எலும்பு சேராத கையோட மாடி ஏறி ஏறிக் கட்டறாளாம். ஊர்ல பைத்தியம்ங்கறாங்க. எனக்கே சிரிப்பா வருது.

இல்ல, சிரிப்பு வரல. சும்மா சொன்னேன்.

ஆமா சார், கேக்கலதான். அதைத்தான் லாக்குல எழுதியிருக்கேன். எங்க வழக்கத்துல ஒவ்வொரு குரலுக்கும் ரெண்டு நம்பர் போடுவோம். முதல் நம்பர், பேச்சு எவ்வளவு புரியுதுன்னு; அஞ்சு வரைக்கும். ரெண்டாவது, சிக்னல் எவ்வளவு பலம்னு, ஒம்பது வரைக்கும். ஃபைவ் நைன்னா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி. இங்க பாருங்க, பத்து நாப்பத்திரண்டு, ஆத்துமுனை, டூ த்ரீ. டூ த்ரீன்னா கரகரன்னு ஏதோ சத்தம், அங்க ஒரு வார்த்தை இங்க ஒரு வார்த்தை. அப்படிப்பட்ட சிக்னலுக்கு ஸ்டாண்ட்பைதான் சொல்ல முடியும். வெவரம் தெரிஞ்ச யாரும் ஒத்துப்பாங்க. மத்த வரியெல்லாம் நீலம், இது ஒண்ணு கறுப்பு, அதைப் பாக்கறீங்களா? பேனா தீர்ந்திருக்கும். அன்னிக்குச் சாயங்காலம் எழுதினப்ப... இல்ல இல்ல, அப்பவே எழுதினதுதான். அப்பப்பவே எழுதணும், அதான் ரூல்.

அவ ஊர்ல வெயிலடிச்சுதா இல்லையான்னு நாங்க எப்படி நம்பறது? குரல்ல பதட்டமே இல்ல சார் அவளுக்கு. பின்னாடி ஒரு கொழந்தை அழுவுது, யாரோ ஒரு ஆம்பள, "போயி ஆட்டை மட்டும் அவுத்துக்கிட்டு வந்துடறேம்மா"ங்கறாரு. அவரு சொல்றதும் கேக்குது, இவ அவரைப் பாத்து, "இருங்கண்ணே, சார்கிட்ட கேட்டுக்கறேன்"னு சொல்றதும் கேக்குது. அப்படி நிதானமாப் பேசினா அவசரம்னு எவனுக்குத் தோணும்?

என்ன சார்?

என்ன கேட்டீங்க, திரும்பச் சொல்லுங்க.

டூ த்ரீன்னா ஆட்டுக்காரர் சொன்னது எப்படிக் கேட்டுச்சுன்னு கேக்கறீங்களா?

நீங்க யாரு சார் இதைக் கேக்கறதுக்கு? பத்திரிக்கை வைக்கப் போறீங்க, பத்திரிக்கை வைங்க. கமிட்டியே கேக்கல. எட்டு மாசமா ஒரு ஆளு கேக்கல. அவளே கேக்கல! அவளே ஆன்டெனா ஆன்டெனான்னுட்டுத் திரியறா, உங்களுக்கு என்ன வந்துச்சு? தள்ளுங்க. நான் முன் சீட்டுக்குப் போறேன்.

முன்னாடி எடம் இல்ல.

நகருங்க. உக்காந்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, அதான். கேட்டுச்சு சார். ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. தந்தி ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் காதை வெச்சே சோறு தின்னவன் நான், எனக்கு டூ த்ரீன்னா என்னன்னு தெரியாதா? அன்னிக்குச் சாயங்காலம் செவுரு விழுந்த சேதி வந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கிட்டிருந்தாங்க. பத்து நாப்பத்திரண்டுல மணியும் ஊரும் மட்டும்தான் எழுதியிருந்தேன். நம்பர் எடம் காலியா இருந்துச்சு. யாரோ ஒரு பேனாவை வாங்கிப் போட்டேன். ரெண்டு நம்பர்தானே சார். போட்டுட்டு, பொட்டலம் கட்டப் போயிட்டேன்.

இரும்புக் குழாய் நட்டுட்டாளாம் சார். அந்தக் கையை வெச்சுக்கிட்டு.

உஷ், ஏழாயிடுச்சு. சத்தத்தைக் கூட்டறேன். கேளுங்க, அவதான். "எல்லா ஸ்டேஷனுக்கும் காலை வணக்கம். யாருக்காவது அவசரம் இருந்தா முதல்ல பேசுங்க. நாங்க காத்திருக்கோம்." அவ்வளவுதான். இனி ஒரு நிமிஷம். இந்த உஸ்ஸு சத்தம் கேக்குதா? இதான். தினம் இதான். பட்டன் மேல விரலை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பேன், நிமிஷம் முடிஞ்சிடும், போயி காப்பி குடிப்பேன். இன்னும் எவ்வளவு இருக்கு? முப்பது செகண்டா? வாட்சைப் பார்த்துச் சொல்லுங்க சார். இருபதா?

டீச்சர். டீச்சர், சிங்காரவடிவேலு பேசறேன்.

பாருங்க, கால்சைன் சொல்லாமப் பூந்துட்டேன். பதினோரு பேரும் கேட்டிருப்பாங்க. என்ன சொல்றா? "சொல்லுங்க சார், கேக்கறோம்"ங்கறா. இந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் புடிங்க சார்.

டீச்சர், லாக்குல ஒரு திருத்தம். எல்லாரும் எழுதிக்குங்க. கார்த்திகைப் புயல், பத்து நாப்பத்திரண்டு, ஆத்துமுனை. நான் போட்டது டூ த்ரீ. அது பொய். உங்க சிக்னல் ஃபைவ் நைன். திரும்பச் சொல்றேன், ஃபைவ் நைன். மூங்கில் நல்லாத்தான் இருந்துச்சும்மா. எல்லாம் கேட்டுச்சு. ஓவர்.

பட்டனை அமுத்தியிருக்கா, விடல. பின்னாடி ஆடு கத்துது, கேக்குதா உங்களுக்கு? அந்த ஆடுதான். மூச்சு விடறது கேக்குது. யாரும் நடுவுல பூரல, பாருங்க.

இப்ப சொன்னாளே, கேட்டீங்களா? "ஸ்டாண்ட்பை, சார்." அழுதுக்கிட்டே சொல்றா. கால்சைனோட சொன்னா, முறையாச் சொன்னா.

வேளாங்கண்ணி வந்துடுச்சா? நீங்க எறங்குங்க சார். பையை மறந்துடாதீங்க, பொண்ணு நல்லா இருக்கட்டும். அந்தப் புஸ்தகத்தை இப்படிக் குடுங்க. கமிட்டிக்கு இதை நான்தான் காட்டணும், திருத்தின வரியோட. நானா? நான் எங்க போறேன், செட்டைக் காதுல வெச்சுக்கிட்டு இங்கயேதான் இருப்பேன். அவங்க ஸ்டாண்ட்பைன்னு சொல்லியிருக்காங்கல்ல, கூப்பிடற வரைக்கும் இருக்கணும்.